மிஞ்சிய வாலும் வரைதூரிகையும்

(ஒன்றிய அளவிலான ஆசிரியர் பயிற்சியில் ஆற்றிய உரை)



சென்ற ஆண்டு ஏழாம் வகுப்பில் கழிவுப் பொருள்களின் பயன் பற்றிப் பேசினேன். தேங்காய் நார், சாண எரிவாயு என்று வழக்கமானவற்றைச் சொன்ன பின், அமெரிக்காவிலிருந்து ஓர் எடுத்துக்காட்டும் சொன்னேன்.

அங்கே உரிமம் பெற்று, உரிய பருவத்தில் அணில் வேட்டையாடி இறைச்சியை உண்பவர்கள் இருக்கிறார்கள். அவை நம் ஊர் அணிலைவிடப் பெரியவை. முதுகில் மூன்று கோடும் இல்லாதவை. மிஞ்சும் வாலை விஸ்கான்சின் மாநிலத்து ஆண்டிகோ நகரில் உள்ள மெப்ஸ் என்ற தூண்டில் நிறுவனம் வாங்கிக்கொள்கிறது. பணமாகவும் பெறலாம், தூண்டிலாகப் பெற்றால் இருமடங்கு மதிப்பு. வெட்டிய பக்கத்தில் நிறைய உப்பிட்டு, வாலை நேராக வைத்துக் காயவிட்டு அனுப்ப வேண்டும். அந்த முடியைச் சாயமேற்றித் தூண்டில் முள்ளில் கட்டுகிறார்கள். நீரில் அது உயிருள்ளதுபோல் நெளியும். மீன் இரையென்று கவ்வும்.

உடனே ஒரு மாணவி எழுந்து, "சார், வாலுக்குக் காசு கிடைச்சா வாலுக்காகவே சுட மாட்டாங்களா?" என்றாள்.

"வாலுக்காக மட்டும் வேட்டையாட வேண்டாம் என்று அந்த நிறுவனமே சொல்கிறதம்மா" என்றேன். அதற்குள் பின்வரிசை மாணவன் தன் வரைதூரிகையைத் தூக்கிக் காட்டி, "இது எதோட முடி சார்?" என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை.

தேடிப் படித்தேன். ஒட்டக முடி என்று விற்கும் தூரிகையில் ஒட்டக முடியே இருப்பதில்லை. பெரும்பாலும் அணில், ஆடு போன்றவற்றின் முடிதான். நம் நாட்டிலோ தூரிகைக்காகவே கீரிகள் கொல்லப்படுகின்றன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுத்தும் திருட்டு வணிகம் நடக்கிறது. அங்கே முடி மிச்சப் பொருள் அல்ல. கொலைக்குக் காரணமே அதுதான்.

பல ஆண்டுகளாகப் பள்ளிக்குத் தூரிகை வாங்கியவன் நான். ஒருநாளும் இதைக் கேட்டதில்லை. இப்போது நைலான் தூரிகை மட்டுமே வாங்குகிறோம்.

கழிவிலிருந்து பயன் பற்றி நடத்தும்போது, "இது மிஞ்சியதா, இதற்காகவே கொன்றதா?" என்ற கேள்வியையும் மாணவர்களிடம் கேளுங்கள். அவர்கள் திருப்பி நம்மைக் கேட்பார்கள், கேட்கட்டும்.