பொறி பொய் சொல்லாதா?

(கணக்காளர்களும் எழுதுவினைஞர்களும் கூடிய கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



தகவல் தொழில்நுட்பம் கணக்கியலை எவ்வாறு மாற்றி வருகின்றது என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். நான் கணக்காளன் அல்லன்; சட்டம் பயின்றவன். கணனி எத்துணை விரைவாகக் கூட்டுகின்றது, கழிக்கின்றது என்பதை என்னிலும் நீங்கள் நன்கு அறிவீர்கள். அந்தக் கணனி எழுதிய கணக்கு ஒரு மனிதனுக்கு எதிராக நீதிமன்றத்திலே வந்து நிற்கும்போது என்ன நிகழ்கின்றது என்பதைச் சொல்லவே நான் வந்துள்ளேன்.

கணக்கு என்பது யாது? தம்மை நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளுக்கு ஒருவர் பொறுப்புச் சொல்லும் முறையே கணக்கு. 1494ஆம் ஆண்டிலே வெனிசு நகரில் லூக்கா பசியோலி என்னும் துறவி இரட்டைப் பதிவு முறையை விளக்கி நூல் அச்சிட்டார். அன்று தொட்டு அண்மைக் காலம் வரை கணக்கேடு மனிதன் கையால் எழுதப்பட்டது. எழுதியவன் கையெழுத்துத் தெரியும். அழித்தால் அழித்த தழும்பு தெரியும். பற்றுச்சீட்டு பெட்டியிலே கிடக்கும். ஐயம் எழுந்தால் ஏட்டைப் புரட்டலாம், எழுதியவனைக் கேட்கலாம்.

1951ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் தேநீர்க் கடைகள் நடாத்தி வந்த லயன்ஸ் என்னும் கம்பனி, தன் வெதுப்பகக் கணக்குகளைப் பார்ப்பதற்கு ‘லியோ’ என்னும் கணனியை இயக்கிற்று. வணிகக் கணக்கு வேலைக்கு முறையாகப் பயன்பட்ட முதற் கணனி அதுவே. அன்று எழுதுவினைஞர் பலர் பல நாள் இருந்து செய்த வேலையை இன்று சிறு பொறியொன்று இமைப்பொழுதிலே முடிக்கின்றது.

இதனால் விளைந்த நன்மையை நான் மறுக்கவில்லை. கணக்காய்வாளர் முன்னர் ஆயிரம் பற்றுச்சீட்டுகளுள் ஐம்பதை எடுத்துப் பார்த்து அமைதி கொண்டார். இன்று ஆயிரத்தையும் பார்க்கலாம். ஆய்வாளர்களும் புதிய கருவிகளைத் தந்துள்ளனர். இயற்கையாகத் திரளும் பலவகைத் தொகைகளிலே முதல் இலக்கம் 1 ஆக இருப்பது நூற்றுக்கு ஏறக்குறைய 30. 9 ஆக இருப்பது நூற்றுக்கு 5க்கும் குறைவு. 1938இல் பிராங்க் பென்போர்ட் என்பவர் விரிவாக எடுத்துக்காட்டிய இவ்விதியைக் கொண்டு, புனைந்தெழுதிய கணக்குகளைத் தேடும் முறை பின்னர் வளர்ந்தது. நன்று. ஆயினும், இவையெல்லாம் ஐயத்தை எழுப்பும் கருவிகள். ஐயம் விசாரணையின் தொடக்கம். அதுவே தீர்ப்பாகிவிட முடியாது. இந்த வேறுபாட்டை மறந்த நாடொன்றில் என்ன நேர்ந்தது என்பதைக் கேளுங்கள்.

ஆங்கில நாட்டின் அவலம்

‘லியோ’வை ஆக்கிய கம்பனி வேறு கம்பனிகளுடன் இணைந்து, 1968இல் ஐ. சி. எல். என்னும் பெரிய நிறுவனத்தின் பகுதியாயிற்று. அந்த ஐ. சி. எல். பின்னர் யப்பானிய நிறுவனமாகிய புஜிட்சுவின் உடைமையாயிற்று. அவர்கள் ஆக்கிக் கொடுத்த ‘ஹொரைசன்’ என்னும் கணக்கு முறையை, பிரித்தானிய அரசுக்குச் சொந்தமான தபால் நிறுவனம் 1999ஆம் ஆண்டு தொடக்கம் நாடெங்கும் உள்ள தபாற்கந்தோர்களிலே புகுத்திற்று.

அக்கந்தோர்களுட் பெரும்பாலானவற்றை நடாத்தியவர்கள் உபதபாலதிபர்கள். ஊருக்குள்ளே சிறுகடை வைத்து, அதன் ஒரு பக்கத்திலே முத்திரை விற்று, ஓய்வூதியம் கொடுத்து வாழ்ந்த எளிய மக்கள். புதிய முறை வந்த பின்னர் அவர்களுடைய கணக்கிலே காரணந் தெரியாத பற்றாக்குறைகள் தோன்றின. கவனயீனத்தாலோ பிழையாலோ நேரும் நட்டத்துக்கு உபதபாலதிபரே பொறுப்பு என்பது ஒப்பந்தம். எந்தப் பற்றாக்குறை தோன்றினும் அது அவர் பிழையே என்பது நிறுவனத்தின் வாதம். உதவி கேட்டுத் தொலைபேசியில் அழைத்தவர்கள் பலருக்குக் கிடைத்த மறுமொழி, “இத்தகைய முறைப்பாடு உங்களிடமிருந்து மட்டுமே வருகின்றது” என்பதாம்.

விளைவு யாது? 1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கு மேற்பட்டோர் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டனர். அவர்களுள் ஏறக்குறைய 700 பேர் மீது வழக்குத் தொடுத்தது தபால் நிறுவனமே. பணத்தை இழந்ததாகச் சொன்னவரும் அவரே. புலன் விசாரித்தவரும் அவரே. வழக்குத் தொடுத்தவரும் அவரே! 2010ஆம் ஆண்டிலே கருவுற்றிருந்த ஒரு பெண் 15 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். பிரிட்லிங்டன் என்னும் கரையோர ஊரின் லீ காசில்டன், ஏறக்குறைய 25,000 பவுண் பற்றாக்குறை பற்றிய வழக்கிலே சட்டத்தரணியின்றித் தாமே வாதாடி, 2007இல் தோற்றார். அவர் தலையிலே விழுந்த வழக்குச் செலவு 321,000 பவுண். அவர் வங்குரோத்தானார். இந்த அவலத்தோடு தொடர்புற்ற தற்கொலைகள் 13 ஆவது இருக்கக்கூடும் என்று, சேர் வின் வில்லியம்ஸ் தலைமையிலான பகிரங்க விசாரணை 2025 யூலையில் வெளியிட்ட அறிக்கை கூறிற்று.

பொறி எவ்வாறு தவறிற்று?

கணக்கறிந்த உங்களுக்கு இதனை விளக்குவது கடமை. ஹொரைசனில் இருந்த வழுக்கள் பல. ஒன்றிலே, வந்த பணத்தைப் பதியும்போது திரை அசையாது நின்றது. மீண்டும் அழுத்தியபொழுதெல்லாம் அதே வரவு மீண்டும் பதிவாயிற்று. 8,000 பவுண் நான்கு முறை பதிவானால் ஏட்டிலே 32,000, பெட்டியிலோ 8,000. எஞ்சிய 24,000 எங்கே என்று கேட்டால் அந்த ஏழை என்ன சொல்வார்? இரட்டைப் பதிவு முறை இங்கே காப்பாற்றாது. ஏட்டின் இரு பக்கமும் ஒத்தே நிற்கும். ஏட்டுக்கும் பெட்டிக்கும் இடையில் உள்ள பிழையை ஏடு தானாகக் காட்டாது.

இதனினுங் கொடியது ஒன்று. பற்றாக்குறையை ஏற்க மறுத்து அதனைத் தொங்கல் கணக்கிலே நிறுத்தி வைக்கும் வசதி முன்னர் இருந்தது. 2005இல் அது நீக்கப்பட்டது. அதன் பின் ‘இதனை நான் ஏற்கவில்லை’ என்று சொல்வதற்குத் திரையிலே இடமில்லை. தொகையை ஏற்றாலன்றி அடுத்த காலத்துக் கணக்கைத் திறக்க முடியாது. கணக்கைத் திறவாவிடின் மறுநாள் கந்தோரைத் திறக்க முடியாது. வேறு வழியின்றி ஒப்புக்கொண்டவர் மீது, பொய்க்கணக்கு எழுதினார் என்று குற்றஞ்சாட்டினர். ஜோ ஹமில்டன் என்னும் பெண் 36,000 பவுண் திருடியதாகக் குற்றஞ்சாட்டப்பெற்றார். பொய்க்கணக்கு எழுதியதாக அவர் ஒப்புக்கொள்ளவே, திருட்டுக் குற்றச்சாட்டுக் கைவிடப்பட்டது. சிறைக்கு அஞ்சியே அவர் ஒப்புக்கொண்டார்.

புஜிட்சுவின் ஊழியர்கள் தொலைவிலிருந்தவாறே, உபதபாலதிபர் அறியாமல், அவருடைய கணக்கிலே கைவைக்க இயலும் என்பதும் பின்னர் வெளியாயிற்று. அவ்வாறு இயலாது என்றே நிறுவனம் நெடுங்காலம் சாதித்து வந்தது.

சட்டம் எங்கே போயிற்று?

இங்கிலாந்திலே 1984ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் 69ஆம் பிரிவு, கணனி ஒழுங்காக இயங்கியது என்று காட்டினாலன்றிக் குற்ற வழக்கிலே அதன் பதிவைச் சான்றாக ஏற்கலாகாது என்று விதித்திருந்தது. இது வீண் தொல்லை எனக் கருதிய சட்ட ஆணைக்குழு, 1997இல் அதனை நீக்குமாறு விதந்துரைத்தது. 1999இல் பாராளுமன்றம் நீக்கிற்று. அதன் பின், மறுதலையாகக் காட்டப்படும் வரை பொறி சரியாகவே இயங்கியது என்று ஊகிக்கும் பழைய விதியே எஞ்சிற்று. ஹொரைசன் வந்த காலமும் இந்தக் காவல் போன காலமும் ஒன்றே என்பதைக் கவனியுங்கள்!

மறுதலையைக் காட்டுவது யார்? குற்றஞ்சாட்டப்பட்டவர். எதைக் கொண்டு காட்டுவது? அவர் கண்ணால் காணாத பொறியின் உட்பதிவுகளைக் கொண்டு. அவை யாருடைய கையில்? வழக்குத் தொடுத்தவரின் கையில்! இது நீதியா?

கோவலன் கையிலிருந்த சிலம்பு அரசியின் சிலம்பே என்று பொற்கொல்லன் சொன்னான். பாண்டியன் நம்பினான். சிலம்பை உடைத்து உள்ளே பார்க்க அன்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கண்ணகி வந்து உடைத்த பின்னரே மாணிக்கம் தெறித்தது. அதற்குள் கோவலன் உயிர் போய்விட்டது. உடைத்துப் பாராத சிலம்பும் திறந்து பாராத கணனியும் ஒன்றே.

ஹொரைசனைத் திறந்து பார்க்க முற்பட்டவர்கள் கணக்காளர்களே என்பதை இம்மன்றம் பெருமையோடு நினைக்கலாம். 2012இல் நியமிக்கப்பட்ட ‘செக்கண்ட் சைட்’ என்னும் சுதந்திரக் கணக்காய்வு நிறுவனம், வழுக்களால் 76 கந்தோர்களில் கணக்குப் பிசகியதை 2013 யூலை அறிக்கையிலே எடுத்துக்காட்டிற்று. அதே மாதத்தில், தபால் நிறுவனத்துக்காக வழக்காடிய சட்ட நிலையத்தைச் சேர்ந்த ஒருவரும், நிறுவனத்தின் நிபுணத்துவச் சாட்சி தாம் அறிந்த வழுக்களை நீதிமன்றங்களுக்கு மறைத்தார் என எழுத்தில் அறிவுரை வழங்கினார். 2015இல் கணக்காய்வாளர்களின் பணி முடிவுறுத்தப்பட்டது. உண்மை சொன்னதற்குக் கிடைத்த பரிசு இதுவே.

ஒன்றுபட்டபொழுது வழி பிறந்தது

வேல்ஸ் நாட்டு லாண்டட்னோவில் கந்தோர் நடாத்திய அலன் பேட்ஸ், ஏற்கமாட்டேன் என்று நின்று, 2003இல் தம் ஒப்பந்தத்தை இழந்தார். 2009இல், பெனி கொம்ப்டன் என்னும் சிற்றூரின் மண்டபத்திலே பாதிக்கப்பட்டோர் முதன்முறையாகக் கூடினர். “நாம் தனியர் அல்லேம்” என்று அன்றுதான் அறிந்தனர். பின்னர் 555 பேர் ஒன்றாக வழக்காடினர். 2019 டிசம்பரில் நீதியரசர் பிரேசர் அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். உலகம் தட்டை என்று இந்நூற்றாண்டிலே சாதிப்பதற்கு ஒப்பானது தபால் நிறுவனத்தின் நிலை என்று அவர் கண்டித்தார். 57.75 மில்லியன் பவுண் இணக்கத்தில் வழக்குச் செலவு போக எஞ்சியது ஏறக்குறைய 12 மில்லியனே. 2021 ஏப்ரிலில் மேன்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் குற்றத்தீர்ப்பை நீக்கிற்று. ஏனையோரின் தீர்ப்புகளைத் துடைக்க 2024 மே மாதத்தில் பாராளுமன்றமே சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. ஊகிக்கும் விதியை மாற்றுவதா என்று அந்நாட்டு நீதி அமைச்சு 2025 சனவரியில் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது.

நமது நாட்டிலே

இது வெள்ளையர் நாட்டுக் கதை, நமக்கென்ன என்று யாரும் எண்ண வேண்டா. இலங்கையின் 1995ஆம் ஆண்டு 14ஆம் இலக்கச் சாட்சிய (விசேட ஏற்பாடுகள்) சட்டம், கணனிச் சான்றைக் கொணர்பவர் அது ஒழுங்காக இயங்கியதைக் காட்டவேண்டும் என்றது. விசாரணைக்கு 45 நாள் முன்னர் அறிவித்தல் கொடுக்கவேண்டும் என்றது. எதிர்த்தரப்பார் அக்கணனியைப் பார்வையிட அனுமதி கேட்கலாம் என்றது. சிலம்பை உடைத்துப் பார்க்கும் உரிமை அது. 2006ஆம் ஆண்டு 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டமோ, தான் ஏற்புடைத்தாகும் பதிவுகளின் உள்ளடக்கம் மறுதலை எண்பிக்கப்படும் வரை உண்மையென நீதிமன்றம் ஊகிக்கவேண்டும் என்று 21ஆம் பிரிவிலே கூறுகின்றது. அப்பதிவுகளுக்கு 1995ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது என்று 22ஆம் பிரிவிலே கூறுகின்றது. வணிகம் தடையின்றி நடக்க இது உதவும். ஆனால், ஒரு வங்கிக் காசாளர் மீதோ, கூட்டுறவுக் கடை முகாமையாளர் மீதோ பற்றாக்குறைப் பழி சுமத்தப்படும் நாளிலே, எண்பிக்கும் சுமை எவர் தோளில் விழும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆகவே நாம் கேட்பவை நான்கு. முதலாவது, ஒருவரைத் தண்டிக்கவோ அவரிடம் பணம் அறவிடவோ கணனிக் கணக்கைக் கொணர்பவர், மறுப்பு எழுந்தால், அது ஒழுங்காக இயங்கியதை எண்பிக்கவேண்டும். இரண்டாவது, அறியப்பட்ட வழுக்களின் பட்டியலும், கணக்கிலே யார் எப்பொழுது கைவைத்தார் என்னும் பதிவும் எதிர்த்தரப்பாருக்குக் கொடுக்கப்படவேண்டும். மூன்றாவது, ஊழியர் பொறுப்பேற்கும் ஒவ்வொரு கணக்கு முறையிலும் ‘ஏற்கவில்லை’ என்று பதிய இடம் இருத்தல் வேண்டும். நான்காவது, கணக்காய்வாளர் பொறி வெளியிட்ட தாளோடு நின்றுவிடாது, பொறியின் உள்ளமைப்பையும் ஆய்தல் வேண்டும். ஆக்கியவரே காரணம் விளக்க இயலாத செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் கணக்காய்வுக்குள் புகும் இக்காலத்தில் இது இன்னும் இன்றியமையாதது.

சட்டம் மாறும் வரை வாளாவிருத்தல் ஆகாது. நாள்தோறும் பெட்டிப் பணத்தை எண்ணி உங்கள் கையால் எழுதி வையுங்கள். பற்றுச்சீட்டின் பிரதியைப் பேணுங்கள். ஏற்காத தொகைக்குக் கையொப்பம் இட நேர்ந்தால், மறுப்பை அன்றே எழுத்தில் கொடுத்துப் பிரதி வாங்குங்கள். அனைத்துக்கும் மேலாக, ஒருவருடைய பெட்டியிலே குறைவு தோன்றினால், மற்றவர்களிடம் கேளுங்கள். “உமக்கு மட்டுமே நேர்ந்தது” என்னும் சொல்லை நம்பாதீர்கள். அந்த ஒரு சொல்லே 900 பேரைத் தனித்தனியே வீழ்த்திற்று.

பொறி உழைக்கட்டும், அதற்கு நாம் பகைவரல்லர். ஆனால், குறுக்கு விசாரணைக்கு உட்படாத சாட்சி எதுவும் இந்த நாட்டின் நீதிமன்றத்திலே ஒரு மனிதனைக் குற்றவாளியாக்கலாகாது. அந்தச் சாட்சி பொறியாயினும் சரியே.