மிளகாய் நாற்று மஞ்சளானால் முதலில் வேரைப் பாருங்க

(வேங்கிக்காலில் நடந்த நாற்றங்கால் பயிற்சியில் பேசியதன் எழுத்து வடிவம்)

பக்கத்தில் கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்க வந்து, நிழலுக்காக இங்கே உட்கார்ந்தவங்களும் இருக்கீங்க போல. நீங்களும் இருந்து கேளுங்க. வீட்டில் பத்து மிளகாய்ச் செடி வைக்கிறவங்களுக்கும் இது உதவும்.

குழித்தட்டில் நாற்று வளர்த்து விற்கிற குழுக்கள் திரும்பத் திரும்பச் சொல்றது ஒண்ணுதான். "விதை நல்லா முளைச்சுது. மூணாவது வாரம் பார்த்தா இலையெல்லாம் மஞ்சளாயிடுச்சு." உடனே பக்கத்து வீட்டு அண்ணன் யூரியா போடச் சொல்வார். நாமும் போட்டுடுவோம். ரெண்டு நாளில் மஞ்சள் போய் கருகல் வந்துடும்.

ஏன்னு கேட்டா, கணக்கைப் பாருங்க. 98 குழி உள்ள ஒரு தட்டுக்கு சுமார் 1.2 கிலோ தென்னை நார்க்கழிவு போடுறோம். ஒரு செடியின் பங்குக்கு 12 கிராம்தான் வரும். அந்த 12 கிராமுக்குள் யூரியாவைத் தூவினா பிஞ்சு வேர் தாங்குமா?

இழப்பும் சின்னது இல்லை. இணை வரிசையில் வீரிய ஒட்டு மிளகாய் நட ஏக்கருக்குச் சுமார் 95 தட்டு வேணும். முன்பணம் கொடுத்த விவசாயி நிலத்தை உழுது, பாத்தி பிடிச்சுக் காத்துக்கிட்டு இருப்பார். 35, 40 நாளில் நாற்று கைக்குப் போகணும். மறுபடி விதைச்சா இன்னொரு 40 நாள் ஆகும், அவருக்குப் பட்டம் தவறிடும். நமக்கு வங்கித் தவணை காத்திருக்காது.

அதனால மஞ்சளைப் பார்த்ததும் கடைக்கு ஓடாம, தட்டு முன்னாடி உட்காருங்க. அடியில் இருக்கிற ரெண்டு வித்திலை மட்டும் பழுத்து உதிர்ந்தா அது இயற்கை, விட்டுடுங்க. மத்தபடி, ஒரு செடியைக் குழியிலிருந்து பக்குவமா எடுத்து வேரைப் பாருங்க. ஒரு செடி போனா போகட்டும், 97 செடி பிழைக்கும்.

வேர் பழுப்பாகி, இழுத்தா தோல் மட்டும் உருவி வந்தா, தண்ணி அதிகம்னு அர்த்தம். நான் பார்த்த தட்டுகளில் பெரும்பாலும் இதுதான். நார்க்கழிவு மேலே காய்ஞ்ச மாதிரி இருக்கும், அடியில் சொதசொதன்னு இருக்கும். மேல் நிறத்தை நம்பாதீங்க, தட்டைத் தூக்கிக் கனம் பாருங்க. கனமா இருந்தா அன்னைக்குத் தண்ணி வேண்டாம். தட்டைத் தரையில் பரப்பாம செங்கல் மேல வைங்க, அப்பதான் அடித்துளை வழியா நீர் வடியும். காலையில் மட்டும் பூவாளியால் ஊத்துங்க. புரட்டாசி, ஐப்பசி மழையில் இன்னும் கவனம் வேணும். தண்டு தரையை ஒட்டி நைஞ்சு, செடி சாய்ஞ்சு விழுந்தா அது நாற்றழுகல் நோய். விழுந்ததை அப்புறப்படுத்திட்டு, லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கலந்து வேர் நனைய ஊத்தணும். வெறுங்கையால கலக்காதீங்க. அதே நாளில் சூடோமோனாஸ் ஊத்தினா மருந்து அந்த நல்ல கிருமியையும் கொன்னுடும், காசு தண்டம்.

வேர் வெள்ளையா நல்லா இருந்தா, அடுத்து எந்த இலை முதலில் மஞ்சளாச்சுன்னு பாருங்க.

அடி இலை நரம்போட சேர்ந்து முழுசா வெளிறி, செடி வளராம நின்னா, அது தழைச்சத்துக் குறை. இதுக்குப் பல சமயம் மட்காத நார்க்கழிவுதான் காரணம். பச்சை நார்க்கழிவில் தழைச்சத்து ஒரு பங்குன்னா கரிச்சத்து 112 பங்கு. அதை மட்க வைக்கிற நுண்ணுயிர்கள் இருக்கிற தழைச்சத்தை முதல் பந்தியில் சாப்பிட்டுடும், நாற்றுக்கு இலைதான் மிச்சம். ஒரு டன் நார்க்கழிவுக்கு 5 கிலோ யூரியாவும், 5 பாக்கெட் புளூரோட்டஸ் காளான் வித்தும் அடுக்கடுக்கா போட்டு, ஈரம் காயாம ரெண்டு மாசம் வச்சா மட்கிக் கறுப்பாகும். அந்த 112 பங்கு 24 ஆகக் குறையும். யூரியாவுக்கு வேலை இருக்கிற இடம் அதுதான், செடி மேல இல்லை.

இப்போ மஞ்சளாகி நிற்கிற நாற்றுக்கு என்ன செய்றது? விதைச்ச 18-ம் நாள் வாக்கில் 19:19:19 நீரில் கரையும் உரத்தை லிட்டருக்கு 5 கிராம் கலந்து, வெயில் தாழ்ந்ததும் தெளிங்க. ரசாயனம் வேண்டாம்னு நினைக்கிறவங்க மண்புழு உரக் குளியல் நீரை வடிகட்டி, ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணி சேர்த்துத் தெளிக்கலாம். பழைய இலை முழுசா பச்சை ஆகலைன்னு மறுநாளே இன்னொரு தடவை அடிக்காதீங்க. ஒரு வாரத்தில் குருத்து எப்படி வருதுன்னு பாருங்க.

அடி இலையிலேயே நரம்பு பச்சையா நின்னு நடுவுல மட்டும் மஞ்சளானா மெக்னீசியக் குறை. கழுவாத நார்க்கழிவில் சாம்பல்சத்து அதிகம், அது மெக்னீசியத்தை ஏற விடாது. லிட்டருக்கு 5 கிராம் மெக்னீசியம் சல்பேட் தெளிச்சாச் சரியாகும். அடுத்த முறை நார்க்கழிவை ரெண்டு மூணு தரம் ஊற வச்சு, அலசிப் பிழிஞ்சு போடுங்க.

குருத்து இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா தெரிஞ்சா, இரும்புச்சத்துக் குறை. இதுக்கு நம்ம போர்த் தண்ணியைச் சந்தேகப்படணும். தோசைக்கல் கழுவுற இடத்திலும் குடத்தின் அடியிலும் வெள்ளையா படியுதா? அந்த உப்புதான் இரும்பை வேர் எடுக்க விடாம பூட்டுது. அன்னபேதியை லிட்டருக்கு 2, 3 கிராம் கரைச்சு, எலுமிச்சைச் சாறு கொஞ்சம் விட்டு, முதலில் ஒரே ஒரு தட்டுக்கு மட்டும் தெளிச்சு ரெண்டு நாள் பாருங்க. கரைசல் இளம்பச்சையா இருக்கும்போதே தெளிக்கணும். துரு நிறமா மாறிட்டா பயன் இல்லை, கொட்டிடுங்க. மாடித் தண்ணியைப் பிடிச்சு வைக்கிற வசதி இருந்தா நாற்றுக்கு அதைவிட நல்ல தண்ணி கிடையாது.

வெளிச்சமும் ஒரு காரணம். விதைச்சதும் தட்டுகளை அடுக்கிப் பாலித்தீன் தாளால் மூடுறோம். ஏழாம் நாள் வாக்கில் முளை தெரிஞ்சதும் பிரிக்காம விட்டா, நாற்று வெளிறி நூல் மாதிரி நீளும். 50 சதவீத நிழல்வலை போதும். அதுக்கு மேல பழைய சேலையும் கட்டுற பாசம் வேண்டாம்.

கடைசியா, மஞ்சளோட இலை சுருண்டிருந்தா உரம் எதுவும் கொடுக்காதீங்க. ஒரு வெள்ளைத் தாளைப் பிடிச்சு அதன் மேல செடியைத் தட்டுங்க. பொடிப்பொடியா ஏதாவது ஓடினா இலைப்பேன். மேல்நோக்கிச் சுருண்டா இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டா சிலந்திப்பேன்னு பெரும்பாலும் சொல்லிடலாம். 2021-ல் ஆந்திரா, தெலங்கானா மிளகாய்க் காடுகளை அழிச்சதும் புதுசா வந்த ஒரு இலைப்பேன்தான். வேப்ப எண்ணெய் லிட்டருக்கு 3 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து இலையின் அடியில் படுற மாதிரி சாயங்காலம் அடிங்க. நீல நிற ஒட்டுப்பொறி கட்டுங்க. வெள்ளை ஈக்கு மஞ்சள் நிறம்.

விற்கும்போது ஒரு கேள்வி வரும். மஞ்சள் தெளிஞ்சு, குருத்து பச்சையா, வேர் வெள்ளையா இருக்கிற தட்டைத் தாராளமா கொடுக்கலாம். குட்டையாகி, இலை சுருண்டு நிற்கிற நாற்றை விலை குறைச்சும் கொடுக்காதீங்க, பிடுங்கிப் புதைச்சிடுங்க. வெள்ளை ஈ பரப்புற இலைச்சுருள் வைரசா இருந்தா மருந்து கிடையாது, அவர் காடு முழுக்கப் பரவும். அடுத்த பட்டத்துக்கு அவர் நம்ம குழுவைத் தேடி வர மாட்டார்.

சாப்பாட்டுக்கு அப்புறம் நீங்க கொண்டு வந்த தட்டுகளை வரிசையா வைங்க, ஒவ்வொண்ணா பிடுங்கிப் பார்க்கலாம். போர்த் தண்ணி பாட்டிலில் கொண்டு வந்தவங்க குழு பேரை எழுதி ஒட்டிடுங்க, மண் பரிசோதனை நிலையத்தில் சேர்த்துக் கொடுத்துடலாம்.