காற்று நின்றால் மீன் திணறும்



புள்ளம்பாடி வாய்க்காலில் வரும் மேட்டூர்த் தண்ணீர் நிற்கிற கரைவெட்டி ஏரியைக் காற்றுக்காலத்தில் பார்த்திருப்பீர்கள். அலையெல்லாம் ஒரே கரையில் போய் மோதும். அங்கே சேர்ந்த தண்ணீர் அடிவழியாகத் திரும்பும். ஆழம் குறைந்த ஏரி இப்படித்தான் மேலும் கீழும் கலக்கிறது. பிராணவாயுவும் அடிவரைக்கும் போகிறது.

ஐப்பசி, கார்த்திகையில் காற்று நின்று, இரண்டு மூன்று நாள் மந்தாரமாக இருந்தால் இந்தக் கலப்பு நின்றுபோகும். வெயிலில்லாமல் பாசியும் போதிய வாயு தராது. இரவிலோ இருப்பதையும் இழுத்துக்கொள்ளும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்தால் ஆபத்து என்று அர்த்தம்.

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் குட்டையில் மீன் வளர்ப்பவர்களே, அன்றைக்குச் சாணமும் தீவனமும் போடாதீர்கள். குட்டைத் தண்ணீரையே மோட்டாரில் இறைத்து, உயரத்திலிருந்து குட்டைக்குள் கொட்ட விடுங்கள். காற்று செய்யாத வேலையை நாம்தானே செய்யணும்?