முழுப் பேர்

(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



மனித மாண்பு பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எல்லா மனிதரும் மாண்பிலும் உரிமையிலும் சமமாகவே பிறக்கிறார்கள் என்று ஐக்கிய நாடுகள் சபை 1948 இல் பிரகடனம் செய்தது. அதே 1948 இல்தான் இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் எம்மவரில் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. அடுத்த வருடம் வாக்குரிமையும் போயிற்று. மிஞ்சியிருந்தோருக்கும் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் வர 2003 வரை காத்திருந்தோம்.

இன்று பிரசாவுரிமை இருக்கிறது. ஆனால் மலையில் என்ன நடக்கிறது?

தோட்டத்தில் ஒரு நாட்சம்பளத்துக்கு நாம் சொல்லும் சொல் 'பேர்'. காலையில் பிரட்டுக்கு வந்து, மழையிலும் அட்டைக்கடியிலும் மாலை வரை நின்றாலும், நிறை குறைந்தால் அரைப் பேர். புல் மண்டி, பசளை காணாத மலையில் கொழுந்து எங்கிருந்து வரும்? மலையைப் பராமரிக்காதது நிர்வாகம். பேர் குறைவது நமக்கு. இருக்கிற கொழுந்திலும் ஈரத்துக்கு, சாக்குக்கு என்று கிலோக் கணக்கில் கழிக்கிறார்கள்.

இதில் போவது பணம் மட்டுமா? தராசைப் பார்க்க எட்டி வந்த ஐம்பது வயது அம்மாவை, மகன் வயதுள்ள ஒருவர் "தள்ளி நில்லு" என்கிறாரே, அங்கே போவதுதான் மாண்பு. கழித்த கிலோவைக் கணக்கில் திருப்பி எழுதலாம். அந்தச் சொல்லை எதில் எழுதித் திருப்புவது?

பள்ளிக்கூடத்திலும் இதைக் காண்கிறோம். விலாசம் எழுதச் சொன்னால் பிள்ளைகள் தோட்டத்தையும் டிவிசனையும் எழுதிவிட்டு நிறுத்துகிறார்கள். லயத்துக் காம்பராவுக்குத் தனி விலாசம் இல்லை. கடிதம் தோட்ட ஆபீசுக்குப் போகிறது. நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு, திகதி முடிந்த பிறகு கைக்கு வருகிறது.

இவை தானாக மாறா. 1984 வரை அதே மலையில், அதே வேலைக்கு, பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைந்த நாட்சம்பளமே கிடைத்தது. அந்த வருடம் சங்கங்கள் சேர்ந்து நடத்திய வேலைநிறுத்தமே சம சம்பளத்தைக் கொண்டு வந்தது. நம் அம்மாமார் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துப் பெற்றது அது.

ஆகவே இந்த மாதம் மூன்று காரியம் செய்வோம். நிறுக்கும்போது தராசு முள்ளை நாமே பார்ப்போம். கழித்த கிலோவையும் அரைப் பேர் விழுந்த நாளையும் பிள்ளைகளின் பழைய கொப்பியில் எழுதி வைப்போம். மரியாதையில்லாமல் பேசினால், பேசியவர், இடம், நேரம் மூன்றையும் அன்றைக்கே தலைவரிடம் சொல்வோம். மாதக் கடைசியில் கொப்பிகளோடு எல்லோருமாக ஆபீசுக்குப் போவோம்.

உழைத்த நாளுக்கு முழுப் பேர் வேண்டும். கூப்பிடும்போதும் முழுப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.