என்ன வேலை பார்க்கறீங்க?

திருப்பூரிலிருந்து காங்கயம் போகிற சாலையில் இருக்கிறது நல்லூர். முன்பு தனி நகராட்சியாக இருந்தது. 2011இல் திருப்பூர் மாநகராட்சியோடு இணைந்தது. வேலை நாளில் காலை பத்து மணிக்கு அங்கே ஒரு லைன் வீட்டு வாசலில் போய் நின்றால் வரிசையாகப் பூட்டுத்தான் தெரியும். எல்லோரும் பனியன் கம்பெனியில் இருப்பார்கள். ஒன்றரை ஷிப்ட் ஓடுகிற நாளென்றால் ராத்திரி எட்டரைக்கு மேல்தான் அந்தக் கதவுகள் திறக்கும். இன்றைக்கு நான் பேச வந்திருப்பது மருத்துவம் படிக்கிற பிள்ளைகளைப் பற்றி. அந்தப் பூட்டிய கதவுக்குப் பின்னால் அவர்களுக்கு ஒரு பெரிய பாடம் காத்திருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

2022 ஜனவரி 12ஆம் தேதி தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் தொடங்கி வைக்கப்பட்டன. திருப்பூரும் அதில் ஒன்று. அதே ஆண்டு தேசிய மருத்துவ ஆணையம் குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தைக் கொண்டுவந்தது. எம்.பி.பி.எஸ். முதல் ஆண்டிலேயே ஒவ்வொரு மாணவருக்கும் சில குடும்பங்களை ஒப்படைப்பார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அந்த மாணவர் அதே வீடுகளுக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். யாருக்குச் சர்க்கரை, யாருக்கு ரத்த அழுத்தம், எந்தக் குழந்தைக்குத் தடுப்பூசி விட்டுப்போயிற்று என்று அவரே பார்க்க வேண்டும்.

இந்த எண்ணம் புதியதல்ல. 1946இல் போர் (Bhore) என்பவர் தலைமையிலான குழு, மருத்துவம் படிப்பவருக்குச் சமூக மருத்துவத்தில் தனிப் பயிற்சி வேண்டும் என்றது. 1977இல் ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியும் மூன்று வட்டாரங்களின் பொறுப்பை ஏற்க வேண்டும் என்று ஒரு திட்டமே வந்தது, நாளடைவில் தளர்ந்துபோனது. விடாமல் செய்துவருகிற இடம் என்றால் வேலூர் சி.எம்.சி.யைத்தான் சொல்ல வேண்டும். அங்கே படிக்கச் சேர்ந்த முதலாண்டுப் பிள்ளைகள் கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களில் தங்கி, வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதுகிறார்கள். உடலில் எலும்பும் நரம்பும் எங்கே ஓடுகின்றன என்று படிக்கிற அதே வருடத்தில், அந்த உடம்பு எந்தத் தண்ணீரைக் குடிக்கிறது, எந்த வேலைக்குப் போகிறது என்றும் படிக்கிறார்கள். இரண்டும் சேர்ந்து வருவதுதான் அந்தப் பயிற்சியின் சிறப்பு.

வேலை என்றதும் ஒருவர் நினைவுக்கு வருகிறார். இத்தாலியைச் சேர்ந்த மருத்துவர் பெர்னார்டினோ ராமசீனி. 1700இல் தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஹிப்போகிரட்டீஸ் காலத்திலிருந்து மருத்துவர்கள் நோயாளியிடம் கேட்டுவந்த கேள்விகளோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேளுங்கள் என்றார்: நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள்?

நல்லூரில் இந்தக் கேள்விக்கு “பனியன் கம்பெனிக்குப் போறேனுங்க” என்று பதில் வரும். அதை எழுதிக்கொண்டு மாணவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டால் ஒன்றும் கிடைக்காது. எந்த வேலை என்று கேட்க வேண்டும். ஓவர்லாக் மிஷினில் குனிந்து உட்கார்ந்திருப்பவருக்குக் கழுத்தும் இடுப்பும் வலிக்கும். செக்கிங் பார்க்கிற பெண் நாள் முழுக்க நின்றபடி இருப்பார். அயர்ன் டேபிளில் வெக்கை, சாயப்பட்டறையில் ரசாயனம். எழுந்து போனால் பீஸ் குறையுமே என்று தண்ணீரே குடிக்காமல் இருக்கிற பெண்கள் உண்டு. அவர்களுக்கு நீர்க்கடுப்பு ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பதை மாத்திரைச் சீட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

நூல் மில் என்றால் எந்தக் கிழமை என்றும் கேட்க வேண்டும். பஞ்சுத் தூசியால் வருகிற பைசினோசிஸ் என்ற நுரையீரல் நோய் விநோதமானது. வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்புகிற முதல் நாள்தான் நெஞ்சை இறுக்கும். ஆரம்பக் கட்டத்தில் அடுத்தடுத்த நாட்களில் அது தணிந்துவிடும். “திங்கட்கிழமை மட்டும் மூச்சு முட்டுது” என்று ஒருவர் சொன்னால், வேலைக்குப் போகச் சோம்பல் என்று நினைக்கிற மருத்துவரும் இருப்பார். தூசியை நினைக்கிற மருத்துவரும் இருப்பார். இரண்டாமவர் உருவாக வேண்டிய ஊர் திருப்பூர்தான்.

சரி, கேட்டாயிற்று. இனி சொல்ல வேண்டும். இங்கேதான் கற்றலைப் பற்றிய ஆராய்ச்சி நமக்கு உதவுகிறது. 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். மாணவர்களிடம் ஒரு பத்தியைப் படிக்கக் கொடுத்தார்கள். சிலர் அதையே மறுபடியும் படித்தார்கள். சிலர் தாளை மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். 2009இல் பயிற்சி மருத்துவர்களிடம் இதேபோல் ஓர் ஆய்வு நடந்தது. திரும்பத் திரும்பத் தேர்வு எழுதியவர்களுக்கு ஆறு மாதம் கழிந்த பிறகும் பாடம் அதிகம் நினைவிருந்தது.

மருத்துவ மாணவருக்குப் பொருந்துவது மிஷினில் உட்கார்ந்திருக்கும் அக்காவுக்கும் பொருந்தும். மருத்துவர் சொல்வதில் 40 முதல் 80 சதவீதம் உடனே மறந்துபோகிறது என்று 2003இல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரை சொல்கிறது. நம் கொங்குப் பக்கத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. படித்த பிள்ளை வீட்டுக்கு வந்து எதைச் சொன்னாலும் “சரிங்க கண்ணு” என்று மரியாதையாகத் தலையாட்டுவோம். மாணவர் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார். “நான் ஒழுங்காச் சொன்னேனான்னு பார்க்கணும், நீங்க ஒருக்காச் சொல்லுங்கக்கா” என்று கேட்டால்தான் உண்மை தெரியும். தவறு கேட்பவர் மேல் விழாதபடி அப்படிக் கேட்பதும் ஒரு திறமை. அதையும் கற்றுத்தர வேண்டும்.

இரும்புச்சத்து மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மாத்திரை சாப்பிடுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எப்போது சாப்பிடுவீர்கள் என்று கேட்டால்தான் “டீ டைம்ல, டீயோட போட்டுக்குவேன்” என்ற பதில் வரும். டீயோடு சேர்ந்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாக ஏறாது. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கிற உப்புச் சர்க்கரைப் பாக்கெட்டும் இப்படித்தான். ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்க வேண்டும் என்போம். எதில் அளப்பீர்கள் என்று கேட்டால், பாதிப் பாக்கெட்டை டம்ளரில் போடுவேன் என்பார் ஒருவர். வீட்டில் இருக்கிற தண்ணீர் பாட்டிலை எடுத்து வரச் சொல்லி, அவர் கையாலேயே கலக்கச் சொன்னால் வேலை முடிந்தது. ஒடியாவோ இந்தியோ பேசுகிற குடும்பத்திலும் இது நடக்கும். கை செய்து காட்டுவதைப் பார்த்துத் திருத்த மொழி அவ்வளவு தேவையில்லை.

இப்படிச் செய்வது பலன் தருகிறதா என்று சோதித்துப் பார்க்கவும் வழி இருக்கிறது. கோவை பி.எஸ்.ஜி. மருத்துவக் கல்லூரியில் 2007 முதல் மருத்துவ ஆசிரியர்களுக்கென்றே ஃபைமர் என்ற பயிற்சி நடந்துவருகிறது. அதில் சேருகிற ஆசிரியர் ஒவ்வொருவரும் தன் கல்லூரியில் கற்பித்தலைப் பற்றி ஓர் ஆய்வு செய்ய வேண்டும். நம் ஊருக்கு என் மனதில் இருக்கிற ஆய்வு இது: நல்லூரில் பாதி லைன் வீடுகளில் மாணவர்கள் வழக்கம்போல் விளக்கிச் சொல்லட்டும். மீதிப் பாதியில் கேட்டு, திருப்பிச் சொல்ல வைத்து, செய்து காட்டச் சொல்லட்டும். ஒரு மாதம் கழித்து எந்த வீட்டில் மாத்திரை சரியாகப் போகிறது என்று பார்க்கட்டும். அதற்குப் பெரிய செலவு கிடையாது.

ஒரு தடை இருக்கிறது. குடும்பத் தத்தெடுப்புத் திட்டம் பெரும்பாலும் கிராமத்தை மனதில் வைத்து எழுதப்பட்டது. ஒரே வீட்டில் வருடக்கணக்காக வாழ்கிற குடும்பத்தை அது எதிர்பார்க்கிறது. நல்லூரில் பலர் கம்பெனி மாறினால் வீடும் மாறுவார்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போனவர் திரும்பி வராமலும் போகலாம். அதற்காக இவர்களை விட்டுவிட முடியாது. கதவு எண்ணை வைத்து ஒப்படைக்காமல் போன் எண்ணை வைத்து ஒப்படைக்கலாம். கம்பெனிக்கே போய்ப் பார்ப்பதென்றால் சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்காத இடமாகப் பார்த்துப் பேச வேண்டும். இல்லாவிட்டால் இடுப்பு வலியைக்கூடச் சொல்ல மாட்டார்கள்.

போகிற நேரத்தையும் ஊரைப் பார்த்து வைக்க வேண்டும். கல்லூரி நேரத்தில் போனால் பூட்டைத்தான் பார்க்க முடியும். சனிக்கிழமை சம்பளம் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்து, துணி துவைத்து முடிக்கிற பதினொரு மணிவாக்கில் போனால் எல்லோரும் இருப்பார்கள். நேயர்களே, அப்படி ஒரு மாணவர் உங்கள் வீட்டுக்கு வந்தால், நீங்கள் எந்த மிஷினில் உட்காருகிறீர்கள், எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள் என்பதை அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். அவர் விளக்கி முடித்ததும், “நான் திருப்பிச் சொல்றேன், சரியான்னு பாருங்க தம்பி” என்று நீங்களே ஆரம்பித்து வையுங்கள்.