பாதியில் நிற்பதை விற்கலாமா?

(வானொலி மறையுரை: பொதுக்காலம் 23ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு, லூக்கா 14: 25-33)



இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் ஒரு கோபுரத்தைப் பற்றிப் பேசுகிறார். ஒருவர் அடித்தளம் போட்டார். மேலே கட்டக் கையில் பணமில்லை. போவோர் வருவோரெல்லாம் பார்த்துச் சிரித்தார்கள். இந்த உவமையைக் கேட்டதும், ‘முதலிலேயே கணக்குப் போட்டிருக்க வேண்டும்’ என்று சொல்லி முடித்துவிடுகிறோம். ஆனால் நம்மில் பலர் அந்தக் கட்டத்தைத் தாண்டி வந்துவிட்டோம். அடித்தளம் போட்டாயிற்று, பணமும் தீர்ந்தாயிற்று. பாதியில் நிற்கிறதே, இனி என்ன செய்வது? இன்று நாம் அதைச் சிந்திப்போம்.

நம் திருவள்ளூர் மாவட்டத்துச் சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று உண்டு. போருக்குப் பின் அதில் கார்ப் பந்தயம் நடந்தது. 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் அங்கே பந்தயம் நடத்தியது. அதைப் பார்க்கப் போன சிறுவர்கள் பலர் இன்று தாத்தாக்கள். அந்த நாளைய கார்களில் ஒன்று ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1961 முதல் சென்னையிலேயே தயாரானது. அதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைச் சுருக்கித்தான் இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற விளையாட்டுக் காரைச் செய்தார்கள்.

இப்படிப்பட்ட பழைய கார் ஒன்றை ஆசையோடு வாங்கி, பழையபடி ஓட வைக்க வேண்டும் என்று பிரிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பிரிப்பது எளிது, ஒரு மாதத்தில் முடிந்துவிடும். பிரித்த பிறகுதான் அடிச்சட்டத்தின் துரு கண்ணுக்குத் தெரியும். கடற்காற்று இரும்பை எப்படித் தின்னும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. தகடு வெட்டி ஒட்ட வேண்டும், கிடைக்காத உதிரிபாகத்தைத் தேடி அலைய வேண்டும். அதற்குள் பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் வரும், வீட்டில் ஒருவருக்கு மருத்துவச் செலவு வரும். கார் தார்ப்பாய்க்குள் போகும், உதிரிபாகங்கள் சாக்குக்குள் போகும். வருடங்கள் ஓடும். அதைப் பார்க்கும்போதெல்லாம் மனதில் ஒரு குத்தல்.

நம் கரையிலும் தார்ப்பாய்கள் உண்டு. சுனாமிக்குப் பின் நம் கரையெங்கும் பைபர் படகுகள் பெருகின. அவற்றில் சில இன்று கவிழ்ந்து கிடக்கின்றன. அடிப்பாகம் பிளந்திருக்கிறது, பாதி ஒட்டுவேலை முடிந்திருக்கிறது, மீதிக்குப் பணமில்லை. இன்ஜின் பிரித்தபடி திண்ணையில் கிடக்கிறது. “அப்பா வாங்கிய படகு, எப்படி விற்பது?” என்று மகன் கேட்கிறார். “வட்டி ஏறிக்கொண்டே போகிறதே” என்று மருமகள் சொல்கிறார். இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது.

பாதியில் விட்டுக்கொடுப்பது பாவமா? விவிலியத்தைப் பாருங்கள். செபதேயுவின் மக்கள் யாக்கோபும் யோவானும் படகில் வலைகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஆண்டவர் அவர்களை அழைத்தார். பழுதுபார்த்து முடித்ததாக எங்கும் எழுதப்படவில்லை. ஆனால் ஒரு சிறு செய்தியை மாற்கு நற்செய்தி மறக்காமல் சொல்கிறது: தந்தையைக் கூலியாட்களோடு படகில் விட்டுச் சென்றார்கள். தொடர்ந்து பார்க்க ஆட்கள் இருந்தார்கள்.

தாவீது அரசரையும் பாருங்கள். ஆண்டவருக்குக் கோவில் கட்ட வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் ஆசை. ஆனால், ‘நீ கட்ட மாட்டாய், உன் மகன் கட்டுவான்’ என்று பதில் வந்தது. தாவீது சோர்ந்து உட்காரவில்லை. ஆணிகளுக்கு இரும்பு, வெண்கலம், கேதுரு மரம், கல்தச்சர்கள் எல்லாவற்றையும் திரட்டினார். திட்ட வரைபடத்தையும், ஒவ்வொரு பொருளுக்கும் வேண்டிய பொன், வெள்ளியின் எடையையும் சாலமோனிடம் ஒப்படைத்தார். குறிப்பேடு முதல் நூலில் 22, 28ஆம் அதிகாரங்களில் இதை வாசிக்கலாம். முடிக்க முடியாத வேலையை எப்படிக் கைமாற்றுவது என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடம் இல்லை.

நம் ஏரியிலும் இந்த ஞானம் இருக்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம் மக்களுக்குப் பாடு முறை தெரியும். இன்று நமக்கு விழுந்த பாட்டில் நாளை வேறொருவர் வலை கட்டுவார். அதை நாம் தோல்வி என்று சொல்வதில்லை, முறை என்கிறோம். கையில் இருக்கும் பொருளுக்கும் இப்படி ஒரு முறை உண்டு. நம் முறை முடிந்தால் இன்னொருவர் கையில் அது உயிர் பெறட்டும்.

ஆகவே, அன்பானவர்களே, பாவம் விற்பதில் இல்லை, விற்கும் விதத்தில் இருக்கிறது. ‘சின்ன வேலைதான் பாக்கி’ என்ற சொல் எவ்வளவு எளிதாக நம் வாயில் வருகிறது! துருவின் மேல் பெயிண்ட் அடித்து விற்ற கார் நெடுஞ்சாலையில் ஓடும். விரிசலின் மேல் பெயிண்ட் அடித்து விற்ற படகு முகத்துவாரத்தில் அலை ஏறும். மண்மேடிட்ட முகத்துவாரத்தில் அலை எப்படி அடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த விரிசலை மறைத்தவர் அன்று கரையில் இருப்பார். வாங்கியவரின் மகன் அல்லவா படகில் இருப்பான்! பொய்ச்சான்று சொல்லாதே என்ற கட்டளை நீதிமன்றத்துக்கு மட்டும் உரியது அல்ல, சந்தைக்கும் உரியது.

தாவீதைப் போலச் செய்வோம். எது முடிந்தது, எது முடியவில்லை, எது கைவசம் இல்லை என்று ஒரு தாளில் எழுதி வாங்குபவரிடம் கொடுப்போம். கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் பெயர் எழுதிய பையில் போட்டுக் கொடுப்போம். காருக்கு ஆர்.சி. புத்தகம், பெயர் மாற்றத்துக்கான 29, 30ஆம் எண் படிவங்கள். படகுக்குப் பதிவுச் சான்று. கடன் பாக்கி இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்வோம். 50 ஆண்டுகள் தாண்டிய, வடிவம் மாறாத பழைய வாகனங்களுக்குத் தனிப் பதிவு தரும் விதி 2021இல் வந்திருக்கிறது. ஆகவே இன்று நாம் துண்டு இரும்பு என்று நினைப்பதைக்கூட இன்னொருவர் மதிக்கலாம். விலையோ, நாம் செலவழித்ததையும் நம் கண்ணீரையும் கூட்டி வருவதல்ல, பொருளின் இன்றைய நிலைக்கு உரியது. அந்த நட்டத்தை ஏற்றுக்கொள்வதும் ஒரு சிலுவைதான். ஆனால் ஏழை விற்கிறார் என்று தெரிந்து அடிமாட்டு விலைக்குக் கேட்பதும் களவுதான் என்பதை வாங்குகிறவர்கள் நினைவில் கொள்ளட்டும்.

பார்த்துச் சிரித்தவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோபுரத்தைப் பார்த்துச் சிரித்தார்களே, அவர்களில் ஒருவர்கூட ஒரு கல்லைத் தூக்கிக் கொடுத்ததாக உவமையில் இல்லை. நம் குப்பத்தில் ஒருவர் படகை விற்கும் நாளில் நாம் அந்தக் கூட்டத்தில் சேராமல் இருப்போம். அவரோடு நின்று, நியாயமான விலை கிடைக்க உதவுவோம்.

இன்றைய நற்செய்தி எப்படி முடிகிறது என்று கவனித்தீர்களா? கணக்குப் போடச் சொன்ன ஆண்டவர், கடைசியில், தம் உடைமையையெல்லாம் விட்டுவிடாதவர் தமக்குச் சீடராக முடியாது என்கிறார். சரியாகக் கணக்குப் பார்ப்பவர் விட்டுவிடவும் கற்றுக்கொள்கிறார். படகை விற்றால் அப்பாவை விற்றதாகாது. அவர் கற்றுத் தந்த நேர்மையோடு விற்றால், அப்பா நம்மோடு இருக்கிறார்.

மன்றாடுவோம்: ஆண்டவரே, எங்கள் முற்றுப்பெறாத வேலைகளையெல்லாம் உம் பாதத்தில் வைக்கிறோம். முடிக்க வேண்டியதை முடிக்கத் துணிவையும், விட வேண்டியதை உண்மையோடு விடும் மனதையும் தாரும். எங்கள் கையிலிருந்து வாங்குகிறவர்களின் உயிரையும் உழைப்பையும் காத்தருளும். மாதாவின் பரிந்துரையால் இதை எங்களுக்கு அருளும். ஆமென்.