தடம் குறைந்த காடு

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் எல்க் என்னும் பெரிய மானினம் மிகுதி. அங்குள்ள தேசிய வனங்கள் பொதுநிலம். உரிமச் சீட்டுப் பெற்றவர்கள் உரிய பருவத்தில் வேட்டையாடலாம். ஆதலின் சாலையோரங்களில் கூட்டம் நெருங்குகிறது. மான்களோ சாலையை விட்டு விலகி, செங்குத்தான சரிவுகளிலும் மரச் செறிவிலும் ஒதுங்கிவிடுகின்றன.

அனுபவம் மிக்க வேட்டைக்காரர் வரைபடத்தை விரித்து, வாகனத் தடமே இல்லாத பகுதியை முதலில் தேடுவார். அங்கே மனிதர் குறைவு. மான்களும் அச்சமின்றி மேயும். ஆயினும், நேயர்களே, தொலைவுக்கு ஒரு விலை உண்டு. வளர்ந்த ஆண் எல்க் ஏறத்தாழ 300 கிலோ இருக்கும். எலும்பு நீக்கிய இறைச்சியே 90 கிலோவை எட்டக்கூடும். அதைக் கெடுமுன் பலமுறை நடந்து முதுகில் சுமந்து வரவேண்டும். உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டில் வீணே விட்டு வருவது அங்கே சட்டப்படி குற்றம். எனவே, சுமந்து மீளக்கூடிய தொலைவு எதுவோ, அதுவே அவருடைய வேட்டைக்கு எல்லை.